வஜ்ஜிரச் சட்டி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

"ஜெல் என்றால் என்ன? எடுத்துக்காட்டு தருக." சென்ற பருவத் தேர்வில் வந்த இரண்டு மதிப்பெண் வினா இது. திண்மத்தினுள் திரவம் சிதறியிருக்கும் கூழ்மமே ஜெல் என்று பாடக்குறிப்பில் இருந்த ஆங்கில வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். எடுத்துக்காட்டுக்குப் பாலாடைக்கட்டி, ஜெல்லி என்று இரண்டைச் சேர்த்தேன். இரண்டுக்கு இரண்டு கிடைத்தது. பாலாடைக்கட்டியை நான் அன்றுவரை கண்ணால் கண்டதில்லை என்பதை விடைத்தாள் திருத்தியவர் அறிய வழியில்லை.

தேர்வு முடிந்த மாலை, வீட்டுத் திண்ணையில் தாத்தா கேட்டார்: "இன்னாடா எழுதினே இன்னிக்கு?" எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே ஒவ்வொரு தேர்வு நாளும் திண்ணையில் எனக்கு இரண்டாவது தேர்வு ஒன்று உண்டு. வினாவைத் தமிழில் சொன்னேன். விடையையும் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு வெளங்கல. உனக்காவது வெளங்குச்சா?" என்றார்.

விளங்கவில்லை. முழு மதிப்பெண் வாங்கிய விடை எனக்கே விளங்கவில்லை. அந்தக் கூச்சத்தில் பிறந்ததே இக்கட்டுரை. நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். இறுதியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

எங்கள் ஊர் படப்பை. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஓடும் வண்டிகளின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. தாத்தா தொழில் செய்த காலத்தில் இந்த இரைச்சல் கிடையாது. அவர் தச்சர். கதவு, நிலை, கட்டில், தொட்டில் எல்லாம் அவர் கையால் ஆனவை. பட்டறை மூலையில் ஓர் அடுப்பு இருக்கும். அடுப்பின் மேல் தண்ணீர்ப் பாத்திரம். அந்தத் தண்ணீருக்குள் அமர்ந்திருக்கும் ஒரு சிறிய இரும்புச் சட்டி. அதுதான் வஜ்ஜிரச் சட்டி. இன்று அது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

வஜ்ஜிரம் என்ன என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டதால் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுத் தோல், எலும்பு, நரம்பு இவற்றை வெந்நீரில் நெடுநேரம் வேக வைத்து வடித்து, உலர்த்தி எடுக்கும் பழுப்பு நிறப் பசை அது. கண்ணாடிச் சில்லுபோல் கெட்டியாக இருக்கும். இரவு முழுவதும் நீரில் ஊறப் போட்டால் ஊதிப் பருக்கும். பிறகு சட்டியில் இட்டு, வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்கினால் தேன்போல் இளகும். சூட்டோடு இழைப்பின் இரு முகத்திலும் தடவி இறுக்கிக் கட்ட வேண்டும். ஆறினால் இறுகும். உலர்ந்தால் உரம் பெறும்.

இதில் தாத்தாவுக்கு மூன்று விதிகள் உண்டு. முதல் விதி: "வஜ்ஜிரத்தக் கொதிக்க வுடாதே. கொதிச்சா செத்துப் பூடும்." அதனால்தான் சட்டியை நேராக அடுப்பில் ஏற்றாமல் நீருக்குள் வைப்பது. இரண்டாம் விதி: மார்கழிக் குளிரில் பலகையை முதலில் அனலில் காட்டிவிட்டே பசை தடவ வேண்டும், இல்லையேல் தடவுவதற்குள் உறைந்துவிடும். மூன்றாம் விதி: வேலை முடிந்து சட்டியில் மிஞ்சியதைக் கொட்டாதே. காலையில் அது நுங்குபோல் உறைந்திருக்கும். மறுபடி வெந்நீரில் வைத்தால் மறுபடி இளகும்.

நண்பர்களே, இந்த மூன்றாம் விதியில்தான் நான் இரண்டு மதிப்பெண் வாங்கிய பொருளின் உயிரே இருக்கிறது. ஒரு முட்டையை அவித்துவிட்டால் மீண்டும் பச்சை முட்டை ஆக்க முடியாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரைச் சூடாக்கினால் அது கருகுமே அன்றி மீண்டும் பாலாகாது. சட்டியில் இருக்கும் இந்தப் பண்டம் மட்டும் இரவில் திண்மமாகிப் பகலில் திரவமாகி, மறுநாள் இரவில் மறுபடி திண்மமாகிறது. இடையில் எந்த வேதிப்பொருளும் சேர்க்கவில்லை. வெப்பம் வந்தது, போனது, அவ்வளவே. அப்படியானால் இரவில் அதைக் கட்டிப் பிடித்தது எது? காலையில் கையை விட்டது ஏன்?

இந்தக் கேள்வியை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பலபடிகள் பற்றிய ஒரு தடித்த நூலை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, "படித்துவிட்டு வா, பேசுவோம்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த எனக்கு அந்த ஓர் அத்தியாயத்தைக் கடக்க மூன்று வாரங்கள் ஆயின. படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

தோலிலும் நரம்பிலும் இருக்கும் புரதத்தின் பெயர் கொலாஜன். அதன் மூலக்கூறு ஒன்றில் மூன்று சங்கிலிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. பள்ளிக்குப் போகும் என் தங்கைக்கு அம்மா தினமும் மூன்று கால் எடுத்துச் சடை பின்னுகிறாள் அல்லவா, அதுபோல இந்த மூன்று சங்கிலிகளும் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக் கிடக்கின்றன. முறுக்கின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், பருமன் ஒன்றரை நானோமீட்டர். வெந்நீரில் நெடுநேரம் வேக வைக்கும்போது இந்தச் சடை அவிழ்ந்து போகிறது. தனித்தனி இழைகளாக, தலைமுடி கலைந்ததுபோல் நீரில் மிதக்கின்றன. அவிழ்ந்த இழைக்கு ஜெலட்டின் என்று பெயர். வஜ்ஜிரம் என்பது சற்றே அழுக்கான ஜெலட்டின்தான்.

இப்போது ஆற விடுவோம். குளிரக் குளிர இழைகளின் துள்ளல் அடங்குகிறது. பழைய பின்னல் நினைவு வந்தாற்போல், ஓர் இழையின் ஒரு பகுதி பக்கத்தில் அகப்பட்ட இரண்டு பகுதிகளோடு சேர்ந்து சிறிது தூரம் சடை போடுகிறது. தன் பழைய கூட்டாளிகளைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமில்லை, அகப்பட்டவரோடு கூட்டு. அதே இழையின் இன்னொரு பகுதி, தொலைவில், வேறு இருவரோடு பின்னிக் கொள்கிறது. சில இடங்களில் ஓர் இழையே மடிந்து தன்னோடு தானே பின்னுவதும் உண்டு. இப்படி இங்கொரு முடிச்சு, அங்கொரு முடிச்சு என்று விழுந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் சட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வலையாகிவிடுகிறது. அந்த நொடியில் சட்டியைச் சாய்த்தால் பசை ஓடாது. வலைக்கண்களுக்குள் நீர் அகப்பட்டுக் கிடக்கிறது. நூறு பங்கில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு பங்கு நீர் இருந்தாலும் மிச்சமுள்ள இரண்டு மூன்று பங்கு ஜெலட்டின் அத்தனை நீரையும் நிறுத்தி வைக்கும். இழைகள் மிகவும் குறைந்துபோனால், பின்னிக்கொள்ள ஆள் கிட்டாமல் வலை முழுமை பெறாது. வெறும் குழகுழப்போடு நின்றுவிடும்.

இந்தச் சிறு சடைத் துண்டுகளுக்குத்தான் இயற்பியல் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். ரப்பரில் இரு சங்கிலிகளுக்கிடையே கந்தகம் பாலம் போடுகிறது. அது சகப்பிணைப்பு, வேதிக் குறுக்குப் பிணைப்பு. ஜெலட்டின் முடிச்சில் அத்தகைய பாலம் ஏதுமில்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளும் நெருக்கமான முறுக்குமே அதைப் பிடித்து வைக்கின்றன.

இங்கே வகுப்பில் எனக்கு எழுந்த ஐயம் உங்களுக்கும் எழலாம். ஹைட்ரஜன் பிணைப்பு மிகவும் மெலிந்ததாயிற்றே? ஆம். கார்பன் அணுக்களின் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 350 கிலோஜூல் அளவில் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 அளவே போதும். நீருக்குள் இருக்கும்போது அதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் நீர் மூலக்கூறே "என்னோடு சேர்ந்துகொள்" என்று இழுக்கும். அறை வெப்பநிலையின் சாதாரண அதிர்வு ஆற்றல் மோலுக்கு இரண்டரை கிலோஜூல். ஒற்றை ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று இரு சங்கிலிகளைக் கட்டி வைக்கவே முடியாது. கண்ணிமைக்கும் பொழுதில் அறுந்துவிடும். ஆனால் சடையில் ஒரு சுற்று விழுந்த பிறகு அடுத்த சுற்று எளிதாக விழுகிறது. அடுத்ததும் அப்படியே. இருபது, முப்பது பிணைப்புகள் வரிசையாக அமைந்துவிட்டால், நடுவில் ஒன்று அறுந்தாலும் இரு பக்கத்து அண்டை வீட்டாரும் பிடித்துக்கொண்டிருப்பதால் அறுந்தது மறுபடி ஒட்டிக்கொள்கிறது. முடிச்சு உரமாக இருப்பது அதன் நீளத்தால்.

அதே காரணத்தால்தான் உருகும்போதும் சட்டென்று உருகுகிறது. முனையிலிருந்து அவிழத் தொடங்கினால் அடுத்தடுத்து அவிழ்ந்து போகும். ஜெலட்டின் ஜெல் 30 முதல் 35 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். நம் உடலின் வெப்பம் 37. வாயில் போட்ட ஜெல்லி மெல்லாமலே கரைவதன் இரகசியம் இதுவே. ஆட்டுக்கால் சாறு இரவில் உறைந்து காலையில் அடுப்பில் வைத்ததும் இளகுவதும் இதே கதைதான்.

தாத்தாவின் விதிகளை இப்போது திரும்பிப் பாருங்கள். மார்கழிப் பலகை ஏன் சூடாக வேண்டும்? குளிர்ந்த மரத்தில் பட்டவுடன் முடிச்சுகள் முந்திக்கொண்டு விழுந்துவிடும். பசை மரத்தின் நுண்துளைக்குள் இறங்கியிருக்காது. கொதிக்க விட்டால் ஏன் சாகும்? சடையை அவிழ்க்க மிதமான சூடு போதும். கொதிநிலையில் நெடுநேரம் வைத்தால் நீர், சங்கிலியையே அங்கங்கே துண்டித்துவிடும். துண்டுபட்ட குட்டை இழைகளால் நீளமான முடிச்சும் போட முடியாது. ஒரே இழை பல முடிச்சுகளில் பங்கு கொள்வதும் இயலாது. அவிழ்ந்தது மறுபடி பின்னும், அறுந்தது பின்னாது. "செத்துப் பூடும்" என்ற தாத்தாவின் சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற தை மாதத்தில் இதைச் செய்தே பார்த்தோம். ஒரே வஜ்ஜிரத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாத்தா முறைப்படி நீருக்குள் வைத்தும், மற்றொன்றை அவர் முகம் சுளிக்கச் சுளிக்க நேரடி அடுப்பில் நீர் விட்டு விட்டு மாலை முழுவதும் கொதிக்க வைத்தும், இரண்டையும் ஒரே அளவு ஆக்கி இரவு திண்ணையில் வைத்தோம். காலையில் முதற் கிண்ணத்தைக் கவிழ்த்தால் விழவில்லை. இரண்டாவது தளதளவென்று வழிந்தது. சங்கிலி துண்டான கதையைச் சொன்னேன். "இத்தத்தான் நான் அம்பது வருசமா சொல்லிட்டிருக்கேன்" என்றார் தாத்தா.

இனி என் மனத்தை உண்மையில் உறுத்திய செய்திக்கு வருகிறேன்.

கூழ்மம் என்ற பாடத்தில் 1861-ஆம் ஆண்டு தாமஸ் கிரஹாம் அந்தச் சொல்லைப் படைத்தார் என்று படித்தோம். கிரேக்க மொழியில் பசைக்குக் 'கொல்லா' என்று பெயராம். அதிலிருந்து வந்த சொல். (மாட்டைக் கொன்று எடுத்த பசைக்குக் 'கொல்லா' என்று பெயர் வைத்த கிரேக்கர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.) கொலாஜன் என்ற சொல்லின் பொருளும் பசையைத் தருவது என்பதே. கிரஹாம் பெயர் என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் நான் நாள்தோறும் தாம்பரத்தில் ஏறி வரும் மின்சார ரயில் நிற்கும் கிண்டியின் பெயர் இல்லை. கொலாஜனில் மூன்று சங்கிலிகள் முறுக்கிக் கிடக்கின்றன என்று உலகுக்குச் சொன்னது கிண்டிதான்.

1952-இல், முப்பது வயதுகூட நிரம்பாத ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று, இங்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால் சொன்ன சொல் அவரைத் தூண்டியது. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கத் தூய கொலாஜன் வேண்டுமே! பக்கத்து வளாகத்தில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் நரம்பு கிடைத்தது. அந்த நரம்பின் எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்துக்கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் மூவிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டில் மூன்று சுருள்களும் சேர்ந்து மீண்டும் ஒரு பெருஞ்சுருளாக முறுக்கியிருப்பதைக் காட்டினர். அதே 1955-இல் வெளிநாட்டில் ரிச், கிரிக் ஆகியோர் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் ஒரு திருத்தம் சொன்னார்கள். அதுபற்றி வாதம் நெடுநாள் நடந்தது. மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்து நின்றது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருக்கிறது. மூன்று இழை நெருங்கி முறுக்கும்போது நடுவில் உள்ள இடுக்கில் வேறு எதுவும் கொள்ளாது. சிறியவன் உள்ளே நிற்பதால்தான் சடை விழுகிறது.

ஆக, வஜ்ஜிரச் சட்டியின் இரவுநேர முடிச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய சாவி, படப்பையிலிருந்து ஒரு பேருந்து, ஒரு ரயில் தொலைவில் கிடைத்திருக்கிறது. எனக்கு அதை இருபது வயதில், ஒரு தடித்த நூலின் அடிக்குறிப்புதான் சொன்னது.

அதே ரயில் கிண்டிக்கு முன்பே குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நிற்கிறது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால். குரோமியம் உப்பில் தோலைப் பதனிடும்போது நடப்பது என்ன? கொலாஜன் சங்கிலிகளில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளைக் குரோமிய அணைவுகள் நிலையாகக் கட்டிப் போடுகின்றன. பச்சைத் தோலை 60, 65 டிகிரி நீரில் போட்டால் சடை அவிழ்ந்து சுருங்கிவிடும். நல்ல குரோம் தோலோ கொதிநீரிலும் சுருங்காது. ஒரே கொலாஜன், நிலையான கட்டுப் போட்டால் செருப்பு, கட்டை அவிழ்த்துவிட்டால் வஜ்ஜிரம், அதைத் தூய்மை செய்து குளிர வைத்தால் குழந்தை தின்னும் ஜெல்லி. மூன்று குறுக்குப் பிணைப்புப் பாடத்தையும் ஒரே ரயில் பாதையில் படிக்கலாம்.

என் வகுப்பு நண்பன் ஒருவனின் தந்தை பல்லாவரம் பக்கத்தில் தோல் பதனிடும் வேலை செய்தவர். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அவன் 'கூலி' என்று எழுதினான். தோல் என்று எழுதினால் முகம் சுளிப்பார்கள் என்ற அச்சம். அவன் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அவன் தந்தைக்குத் தெரிந்த தோலின் பதம், சுருக்கம், உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றில் பாதியை நாம் கரும்பலகையில் கண்டிருந்தால் அணைவுச் சேர்மம் என்ற பாடத்தில் இத்தனை பேர் தோற்றிருக்க மாட்டோம்.

ஜெலட்டினுக்கு நம் ஊரில் ஒரு குறை உண்டு. சித்திரை வெயிலில், குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அது உறையாது; உறைந்ததும் இளகிவிடும். தாத்தாவின் சட்டியிலும் கோடையில் விடியற்காலையில்தான் உறையும். ஆனால் தாம்பரத்தில் என் இசுலாமிய நண்பன் வீட்டில் நோன்பு திறக்கும் வேளையில் அவன் அம்மா கடற்பாசி தருவார்கள். பால் சேர்த்து, வைரத் துண்டாய் நறுக்கி, மே மாத வெயிலிலும் தட்டில் நிமிர்ந்து நிற்கும். வாயில் கரையாது, கடித்துத்தான் தின்ன வேண்டும். இதுவும் வெப்பத்தால் மீளும் ஜெல்தான். இளக்கி மறுபடி உறைய வைக்கலாம். பின் ஏன் இந்த வேறுபாடு?

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், சர்க்கரை அலகுகளால் ஆன பலபடி. குளிரும்போது இரண்டிரண்டு சங்கிலிகள் முறுக்கிக்கொள்கின்றன. அத்தோடு நிற்பதில்லை. முறுக்கிய ஈரிழைகள் பலவும் பக்கம் பக்கமாக ஒட்டிக் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன. வைக்கோல் புரிகளைச் சேர்த்து வடமாக்குவது போல. ஆகவே சுமார் 35, 40 டிகிரிக்கு ஆறினால் உறையும் அகர், மீண்டும் உருகச் சுமார் 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று. முறுக்கு விழுவதற்கு வேண்டிய குளிர்ச்சி வேறு. கட்டாகிவிட்ட முறுக்கை அவிழ்க்க வேண்டிய சூடு வேறு. ஜெலட்டினில் இந்த இடைவெளி சிறியது, அகரில் மிகப் பெரியது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் நம்புங்கள்.

இந்த வேறுபாட்டை முதலில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஓர் இல்லத்தரசி. ஜெர்மனியில் இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் ஹெஸ்ஸே என்பவர் நுண்ணுயிரிகளை ஜெலட்டின் மேல் வளர்த்து வந்தார். வெயிலில் அது உருகியது. சில கிருமிகள் அதைத் தின்றும் தீர்த்தன. அவர் மனைவி ஃபேனி, 1881-இல், தாம் சமையலில் பயன்படுத்தும் அகரை எடுத்துக் காட்டினார். ஜாவாவில் வாழ்ந்த குடும்பத்தாரிடம் கற்ற சமையல் அது. மறு ஆண்டு காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் காக் அகரைக் குறிப்பிட்டார்; ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நம் தாவரவியல் துறைத் தட்டுகளில் ஊற்றும் அகரின் மூலப்பொருளை நம் கடலும் தருகிறது. மன்னார் வளைகுடாவில், இராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் பறிக்கிறார்கள். முதலாவதில் கெட்டியான அகர், இரண்டாவதில் சற்று மெலிந்த அகர் என்பது அவர்களுக்குத் தெரிந்த விலை வேறுபாடு. ஈரிழை, கட்டு, சல்பேட் தொகுதி என்று நாம் அதற்குக் காரணம் சொல்கிறோம். சங்கிலியில் சல்பேட் தொகுதிகள் மிகுந்தால் முறுக்குக் கெடும், முடிச்சு மெலியும்.

"இதெல்லாம் தேர்வில் வருமா?" என்று என் நண்பர்கள் கேட்டார்கள். வராது. "வேலைக்கு உதவுமா?" என்று வேறு சிலர் கேட்டார்கள். மாத்திரைக் கூடு முதல் மரபணுவைப் பிரிக்கும் ஜெல் வரை இந்த முடிச்சுகள்தான். 1960-இல் உதகையில் நிறுவப்பட்டு இன்று மூடப்பட்டுவிட்ட புகைப்படச் சுருள் தொழிற்சாலையும் வெள்ளி உப்பைத் தாங்க ஜெலட்டினைத்தான் நம்பியிருந்தது. ஆனால் என் விடை அதுவன்று. நான் வேதியியல் படிக்க வந்ததால் வீட்டில் ஒரு வருமானம் தள்ளிப்போயிருக்கிறது. அப்பா ஒட்டுப்பலகையில் வெள்ளைப் பசை தடவி அலமாரி செய்து எனக்குப் பேருந்துக் கட்டணம் தருகிறார். அந்த அலமாரி பிரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். தாத்தா செய்த நாற்காலியின் மூட்டு தளர்ந்தால் வெந்நீர் விட்டுக் கழற்றி, மறுபடி ஒட்டலாம். வயலின் செய்வோர் இன்றும் வஜ்ஜிர இனத்துப் பசையை விடாதது இதற்காகவே. அது ஏன் என்று மூன்று பேருக்கும் புரியும்படி சொல்லத் தெரியாத பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு செய்முறை வகுப்பில் ஒரே ஒரு பிற்பகலை ஜெலுக்கு ஒதுக்குங்கள். பாடத்திட்டத்தில் இல்லையென்றால் மன்றக் கூட்டமாக வைத்துக்கொள்வோம். நூறு மில்லி நீரில் ஐந்து கிராம் ஜெலட்டின், இன்னொரு நூறு மில்லியில் ஒன்றரை கிராம் அகர். இரண்டையும் சூடாக்கிச் சோதனைக் குழாய்களில் ஊற்றி, வெப்பமானியை நுழைத்து, குளிரும்போது எந்த டிகிரியில் கவிழ்த்தாலும் ஓடாமல் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். பிறகு நீர்த்தொட்டியில் சூடேற்றி எந்த டிகிரியில் ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். மூன்றாவது குழாயில் முட்டை வெண்கரு, மீளாததற்குச் சாட்சியாக. ஜெலட்டினைக் குளிர்விக்கப் பனிக்கட்டி வேண்டும். கல்லூரி வாயிலில் பழச்சாறு விற்பவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குறிப்புகளைத் தமிழிலும் எழுத அனுமதி தாருங்கள். தாத்தாவை அழைத்துவர இயலுமா என்று கேட்டுப் பார்த்தேன். படியேற முழங்கால் ஒத்துழைக்காது என்கிறார். சட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கித் துருவைத் தேய்த்து வைத்திருக்கிறோம். நாளைக் குறித்துச் சொன்னால் எடுத்து வருகிறேன்.